திரவப் படிகத் திரைகளில் நானோ துகள்களும் மேற்பரப்புப் பதப்படுத்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்சிடி எனப்படும் திரவப் படிகத் திரையை வேகமானதாகவும் தெளிவானதாகவும் நீண்ட காலம் உழைப்பதாகவும் ஆக்க இரண்டு வழிகளில் முயற்சி நடந்துவருகிறது. ஒன்று, திரவப் படிகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பைப் பதப்படுத்துவது. மற்றொன்று, திரவப் படிகத்துக்குள்ளேயே நானோ துகள்களைக் கலப்பது. இயற்பியல், வேதியியல் மாணவர்களும் ஆர்வமுள்ள பொது வாசகர்களும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

எல்சிடி திரையில் திரவப் படிகம் என்ன வேலை செய்கிறது?

அது ஒளியை உண்டாக்குவதில்லை. பின்னொளியில் எவ்வளவு வெளியே போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 3 முதல் 4 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெமாட்டிக் வகைத் திரவப் படிகம் நிரப்பப்பட்டிருக்கும். இவ்வகையில் குச்சி வடிவ மூலக்கூறுகள் திரவத்தைப் போல இடம்பெயர்ந்துகொண்டே இருந்தாலும், அவற்றின் நீள அச்சுகள் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கியிருக்கும். முதல் தளவிளைவாக்கி ஒளியை ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டி அனுப்ப, திரவப் படிகம் அந்த அதிர்வு நிலையை மாற்ற, இரண்டாவது தளவிளைவாக்கி அந்த மாற்றத்தின் அளவுக்கேற்ப ஒளியை விடுகிறது அல்லது தடுக்கிறது. மின்னழுத்தம் கொடுக்கும்போது மூலக்கூறுகள் திரும்புவதால்தான் ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சமும் தனித்தனியே மாறுகிறது.

பிராகில் பணியாற்றிய தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் 1888-இல் கொலஸ்டெரில் பென்சோயேட்டுக்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பதைக் கவனித்ததில் தொடங்கிய இந்தத் துறை, திரை என்ற கருவியாக மாற எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1970-களின் தொடக்கத்தில் ஷாட், ஹெல்ஃப்ரிச் ஆகியோர் சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய முறுக்கு நெமாட்டிக் அமைப்பும் (ஒரு தகட்டிலிருந்து மறுதகடு வரை மூலக்கூறுகளின் திசை படிப்படியாகத் திரும்பும் அமைப்பு), இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே குழுவினர் தயாரித்த 5சிபி போன்ற சயனோபைஃபீனைல் சேர்மங்களும் அதற்கு வழிவகுத்தன. அறை வெப்பநிலையில் நெமாட்டிக்காக இருக்கும் 5சிபி இன்றும் ஆய்வகங்களின் வழக்கமான மாதிரிப் பொருள். இது பின்னால் வரும் ஒரு சிக்கலுக்கும் காரணமாகிறது.

திரையின் செயல்திறன் என்று எதைச் சொல்கிறோம்?

ஆய்வுக் கட்டுரைகளில் முதலில் கண்ணில் படுவது தொடக்க மின்னழுத்தம், அதாவது மூலக்கூறுகள் திரும்பத் தொடங்குவதற்குத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம். திரவப் படிகத்தின் மீள்மை மாறிலி (மூலக்கூறு வரிசை வளைக்கப்படுவதை எதிர்க்கும் அளவு) குறைந்தாலோ, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளக்கப்படும் விடுதிறன்களின் (மின்புலத்துக்கு இணங்கும் அளவுகளின்) வேறுபாடு கூடினாலோ இது குறையும். 5சிபிக்கு இது சுமார் 0.8 வோல்ட்.

அடுத்தது துலங்கல் நேரம். மின்னழுத்தத்தை நீக்கிய பின் மூலக்கூறுகள் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம், சுழற்சிப் பாகுநிலைக்கும் (மூலக்கூறுகள் திரும்புவதைத் தடுக்கும் உள் உராய்வுக்கும்) தகடுகளின் இடைவெளியின் இருமடிக்கும் நேர் விகிதத்திலும், மீள்மை மாறிலிக்கு எதிர் விகிதத்திலும் அமைகிறது. பாகுநிலை 0.08 பாஸ்கல்-வினாடியும் மீள்மை மாறிலி 6.2 பிக்கோநியூட்டனும் உள்ள ஒரு திரவப் படிகத்தை 4 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வைத்தால் இந்த நேரம் ஏறத்தாழ 21 மில்லி வினாடியாகவும், 3 மைக்ரோமீட்டரில் வைத்தால் 12 மில்லி வினாடியாகவும் கணக்கில் வருகிறது. எதையும் கலக்காமல், இடைவெளியைக் குறைத்தே கிடைக்கும் இந்த ஆதாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நானோ துகள்கள் தரும் மேம்பாடுகளை எடைபோட வேண்டும்.

மிக வெளிச்சமான நிலைக்கும் மிகக் கறுப்பான நிலைக்கும் உள்ள விகிதம் ஒளி மாறுபாட்டு விகிதம் எனப்படும். இவற்றோடு மின்னழுத்தத் தக்கவைப்பு விகிதம் என்று ஒன்று உண்டு; திரைத் தயாரிப்பாளர்கள் முதலில் கேட்பது இதைத்தான், ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் விடுபடுவதும் இதுவே.

மின்னழுத்தத் தக்கவைப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

இன்றைய திரைகளில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு மென்படல டிரான்சிஸ்டர் உண்டு. அது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் பிக்சலுக்கு மின்னூட்டம் கொடுத்துவிட்டு மூடிக்கொள்கிறது. அடுத்த முறை திறக்கும்வரை, 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7 மில்லி வினாடிகளுக்கு, அந்த மின்னூட்டம் கசியாமல் இருக்க வேண்டும். திரவப் படிகத்தின் மின்தடை எண் 10 லட்சம் கோடி ஓம்-சென்டிமீட்டர் அளவில் இருந்தால் மின்னூட்டம் கசிவதற்கான கால அளவு பல நொடிகளாக இருக்கும். ஆயிரம் கோடி அளவில் இருந்தால் அது 10 மில்லி வினாடிக்கும் கீழே போய்விடும். முதலாவது, திரைகளில் பயன்படும் ஃபுளோரின் ஏற்றப்பட்ட சேர்மங்களின் நிலை. இரண்டாவது, சாதாரண 5சிபியின் நிலை. ஆகவே 5சிபியில் கிடைத்த எந்த முடிவையும் அப்படியே தொலைக்காட்சித் திரைக்குப் பொருத்திப் பேசுவது சரியாகாது.

மின்னூட்டத்தைக் கசியவிடுவது திரவப் படிகத்தில் கரைந்துள்ள அயனிகள். இவை மின்புலத்தில் இழுபட்டு மேற்பரப்புகளில் சேரும்போது உள்ளே ஓர் எதிர் மின்புலம் உருவாகிறது. திரை மினுமினுப்பதற்கும், நெடுநேரம் காட்டிய படத்தின் நிழல் அடுத்த படத்திலும் தெரிவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

மேற்பரப்பைப் பதப்படுத்துவது எதற்காக?

வெறும் கண்ணாடிக்கு நடுவில் ஊற்றிய நெமாட்டிக், இடத்துக்கு இடம் வெவ்வேறு திசைகளில் நின்று திட்டுத்திட்டாகத் தெரியும். எல்லா மூலக்கூறுகளும் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதை, அவற்றைத் தொடும் சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள படலமே தீர்மானிக்கிறது. மின்னழுத்தத்தை நீக்கியதும் அவை திரும்பிவர வேண்டிய இடமும் அந்தப் படலம் விதித்ததே.

இந்தப் பிடிப்பின் வலிமையை எண்ணால் சொல்ல முடியும். மீள்மை மாறிலியைப் பிணைப்பு ஆற்றலால் வகுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 0.0001 ஜூல் என்ற வலுவான பிணைப்பில் அது சுமார் 60 நானோமீட்டர். திரவப் படிகம் தன் இடைவெளியை விடச் சற்றே தடிமனான படலத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும், அவ்வளவுதான். பிணைப்பு நூறில் ஒரு பங்காகக் குறைந்தால் அந்த நீளம் 6 மைக்ரோமீட்டராகி, இடைவெளியையே மிஞ்சிவிடும். தொடக்க மின்னழுத்தம் அப்போது குறையும், ஆனால் திரும்பிவரும் நேரம் பல மடங்கு நீளும். மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லும் ஒரு முடிவு, மேற்பரப்புப் பிணைப்பு கெட்டுப்போனதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

துணியால் தேய்ப்பது எப்படிப் பலன் தருகிறது? அதை ஏன் கைவிடப் பார்க்கிறார்கள்?

கண்ணாடியின் மேல் பாலிஇமைடு கரைசலைப் பூசி, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் சுட்டு, வெல்வெட் துணி சுற்றிய உருளையால் ஒரே திசையில் தேய்ப்பது பல பத்தாண்டுகளாக நிலைபெற்ற முறை. தேய்ப்பதால் உண்டாகும் நுண்ணிய பள்ளங்களே மூலக்கூறுகளைத் திசைப்படுத்துகின்றன என்று 1972-இல் பெரிமன் ஒரு விளக்கம் தந்தார். பள்ளத்துக்குக் குறுக்கே வளைந்து கிடப்பதை விட நெடுகக் கிடப்பது மூலக்கூறுகளுக்கு ஆற்றல் மிச்சம் என்பது அதன் சாரம். பாலிஇமைடைப் பொறுத்தவரை, தேய்ப்பால் இழுபட்டு ஒரே திசையில் படுக்கும் பாலிமர் சங்கிலிகளின் பங்கே பெரிது என்று பின்னர் வந்த அளவீடுகள் காட்டின. சங்கிலிகளும் பக்கக் கிளைகளும் சில டிகிரி மேல்நோக்கி நிற்பதால் திரவப் படிகத்துக்கும் ஒரு சிறு முன்சாய்வு கிடைக்கிறது. மின்புலத்தில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே பக்கமாக எழுவதற்கு அந்தச் சாய்வு உதவுகிறது.

தேய்க்கும்போது தூசு உதிர்கிறது. நிலைமின்னூட்டம் சேர்ந்து டிரான்சிஸ்டர்களைக் கெடுக்கிறது. ஒரு கீறல் விழுந்தாலும் கறுப்புத் திரையில் வெளிச்சக் கோடாகத் தெரிகிறது. பல மீட்டர் அகலமுள்ள கண்ணாடியில், ஏற்கெனவே மேடு பள்ளமாக இருக்கும் மின்சுற்றின் மேல், எங்கும் ஒரே சீராகத் தேய்ப்பது எளிதன்று.

தேய்ப்புக்கு மாற்றாக எவை வந்துள்ளன?

முதன்மையானது ஒளியால் வரிசைப்படுத்துதல். ஒளியுணர் பாலிமர் பூசிய பரப்பில் ஒரே தளத்தில் அதிரும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், அந்தத் தளத்துக்கு இணையாக உள்ள வேதிப்பிணைப்புகள் மட்டும் வினைபட்டு, பரப்புக்கு ஒரு திசை கிடைக்கிறது. 1980-களின் இறுதியில் ஜப்பானில் இச்சிமுரா குழுவினரும், 1992-இல் ஷாட் குழுவினரும் இதற்கு அடித்தளமிட்டார்கள். எதுவும் தொடாததால் தூசும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. ஒரே பிக்சலுக்குள் பகுதிக்கொரு திசை கொடுக்கவும் முடியும். ஷார்ப் நிறுவனம் 2009-இல் இந்த வழியில் தொலைக்காட்சித் திரைகளைத் தயாரிக்கத் தொடங்கி, 5000:1 என்ற ஒளி மாறுபாட்டு விகிதத்தை அறிவித்தது.

வைரம் போன்ற கரிமப் படலத்தின் மேல் அயனிக் கற்றையைச் சாய்வாகப் பாய்ச்சும் முறையை ஐபிஎம் ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்டார்கள். சிலிக்கான் ஆக்சைடைச் சாய்கோணத்தில் ஆவியாக்கிப் படியவைப்பது இன்னும் பழைய உத்தி. சுடும் ஒளியைத் தாங்க வேண்டிய புரொஜெக்டர் சில்லுகளுக்கு இத்தகைய கனிமப் படலங்கள் ஏற்றவை.

இவற்றை விட எனக்கு வியப்பளிப்பது, பாலிமரால் நிலைநிறுத்தும் முறை. திரவப் படிகத்தோடு பாலிமராக இணையக்கூடிய ஒற்றை மூலக்கூறுகளை (மோனோமர்களை) மிகச் சிறு அளவு கலந்து, தகடுகளுக்குள் நிரப்பி, மின்னழுத்தம் கொடுத்து மூலக்கூறுகளைச் சற்றே சாய்த்த நிலையில் வைத்துப் புற ஊதாக் கதிர் பாய்ச்சுகிறார்கள். அந்தச் சாய்வைப் பதிவுசெய்துகொண்டு ஒரு மெல்லிய பாலிமர் படலம் மேற்பரப்பில் உறைகிறது. மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும் செங்குத்து வரிசையமைப்புத் திரைகளில் எந்தப் பக்கம் சாய்வது என்ற தயக்கம் மூலக்கூறுகளுக்கு இல்லாமல் போவதால் துலங்கல் வேகம் கூடுகிறது. ஆய்வகத்திலிருந்து வீட்டுத் தொலைக்காட்சி வரை வந்து சேர்ந்த மேற்பரப்பு உத்திகளில் இது ஒன்று.

செங்குத்து வரிசையமைப்பில் கறுப்பு ஏன் அழுத்தமாகத் தெரிகிறது?

மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்போது, நேராக வரும் ஒளி அவற்றின் நீள அச்சு வழியே போவதால் அதன் அதிர்வு நிலை மாறுவதில்லை. இரண்டாவது தளவிளைவாக்கி அதை முழுமையாகத் தடுத்துவிடுகிறது. அதனால் இவ்வகைத் திரைகளில் 3000:1 முதல் 5000:1 வரையிலான விகிதம் இயல்பாகக் கிடைக்கிறது. மூலக்கூறுகள் படுத்தபடியே திரும்பும் வகைகளில் அது பொதுவாக 1000:1-ஐ ஒட்டியிருக்கும். செங்குத்து நிலைக்கு நீண்ட பக்கக் கிளைகள் கொண்ட பாலிஇமைடைப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வகங்களில் லெசித்தின், நீள் சங்கிலிச் சிலேன்கள் ஆகியவையும் போதும்.

பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கறுப்பு வெளுத்துப்போகும் குறையை ஈடுசெய்யத் தனிப் படலங்கள் ஒட்டப்படுகின்றன. முறுக்கு நெமாட்டிக் திரைகளுக்காக ஃபுஜிஃபிலிம் 1990-களின் நடுவில் கொண்டுவந்த படலத்தில் இருந்தவை தட்டு வடிவத் திரவப் படிக மூலக்கூறுகள். அந்த வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்பதை 1977-இல் முதலில் காட்டியது பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் தலைமையில் இயங்கிய குழு. இவர் சி. வி. ராமனின் சகோதரி மகன். நட்சத்திர ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறொருவர்.

நானோ துகள்களைக் கலப்பதால் திரவப் படிகத்தில் என்ன மாறுகிறது?

பொதுவாக 5 முதல் 50 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்கள், எடையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கலக்கப்படுகின்றன. இவ்வளவு சிறிய துகள் தன்னைச் சுற்றியுள்ள மூலக்கூறு வரிசையைக் கலைக்கும் வலிமை பெறாது. பிணைப்பு ஆற்றலைத் துகளின் ஆரத்தால் பெருக்கி மீள்மை மாறிலியால் வகுத்தால் வரும் எண், 10 நானோமீட்டர் ஆரமும் வலுவான பிணைப்பும் உள்ள துகளுக்குக்கூட 0.2-ஐத் தாண்டுவதில்லை, அது 1-க்கு மிகக் கீழே இருக்கும்வரை கண்ணுக்குக் கலவை தூய திரவப் படிகமாகவே தெரியும். ஆனால் அதன் விடுதிறன், பாகுநிலை, நெமாட்டிக் நிலை மறையும் வெப்பநிலை, அயனிகளின் எண்ணிக்கை ஆகியவை மாறலாம்.

எந்தத் துகள் என்பதைப் பொறுத்து விளைவு வேறுபடுகிறது. கீவ் நகரில் யூரி ரெஸ்னிகோவ் குழுவினரும் அமெரிக்காவின் கென்ட் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து 2003-இல், நிலையான மின் இருமுனை கொண்ட ஃபெரோமின் துகள்களைக் கலந்தபோது தொடக்க மின்னழுத்தம் குறைவதைக் காட்டினார்கள். ஒவ்வொரு துகளின் இருமுனையும் அருகிலுள்ள மூலக்கூறுகளைத் தன்னோடு திருப்புவதால், கலவை முழுவதும் மின்புலத்துக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கிறது. பேரியம் டைட்டனேட் துகள்களை ஒலியிக் அமிலத்தோடு பல மணி நேரம் அரைத்துத் தயாரித்து இதே வழியில் பலர் தொடர்ந்தனர். ஜப்பானில் ஷுன்சுகே கொபயாஷி குழுவினர் பல்லேடியம் போன்ற உலோகத் துகள்களைத் திரவப் படிக மூலக்கூறுகளாலேயே போர்த்திக் கலந்தார்கள்.

தொடக்க மின்னழுத்தம் குறைந்தால் மின்சாரம் மிச்சமாகுமா?

மிகக் குறைவாகவே. எல்சிடியில் மின்சாரத்தின் பெரும்பகுதியை உண்பது பின்னொளி. அந்த ஒளியிலும் தளவிளைவாக்கிகளும் வண்ண வடிகட்டிகளும் விழுங்கியது போக ஒரு சிறு பங்கே கண்ணை வந்தடைகிறது. திரவப் படிகத்தைத் திருப்ப ஆகும் ஆற்றல் அதன் முன் அற்பம். பின்னொளியே இல்லாத கைக்கடிகாரம், கணக்குப்பொறி போன்றவற்றில் மட்டும் இந்தச் சேமிப்புக்குப் பொருள் உண்டு.

துகள்கள் அயனிகளைப் பிடித்துவைக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. டைட்டானியம் டைஆக்சைடு, கரிம நானோ குழாய், கிராஃபீன் முதலியவற்றின் பரப்பில் அயனிகள் ஒட்டிக்கொள்வதால் கலவையின் மின்கடத்துதிறன் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே வகைத் துகள்களைக் கலந்தபோது மின்கடத்துதிறன் கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. இந்த முரண்பாட்டுக்கு ஆய்வாளர் யூரி கார்போவ்ஸ்கி தந்த விளக்கம் எளிமையானது: தயாரிப்பின்போது எஞ்சிய உப்பும் பரப்பில் ஒட்டிய வேதிப்பொருளும் துகளோடேயே வருகின்றன. துகளின் பரப்பில் ஏற்கெனவே உள்ள அயனிகளா, திரவப் படிகத்தில் உள்ள அயனிகளா, எவை மிகுதி என்பதைப் பொறுத்து அது பிடிக்கவும் செய்யும், விடவும் செய்யும். துடைக்க எடுத்த துணியே அழுக்காக இருந்தால் மேசை எப்படிச் சுத்தமாகும்?

இதிலிருந்து ஒரு கசப்பான முடிவு வருகிறது. அயனிகள் நிறைந்த 5சிபியில் துகள் நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். ஏற்கெனவே மிகத் தூய்மையான தொழிற்சாலைத் திரவப் படிகத்தில் அதே துகள் மாசாகவே நுழையும். கலந்த துகள்கள் கொண்ட திரவப் படிகம் கடைத்திரைகளுக்கு வராததற்கு என் கணிப்பில் முதல் காரணம் இதுதான்.

துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாவதைத் தடுக்க முடியுமா?

முழுமையாகத் தடுப்பது கடினம். நெமாட்டிக்கின் மீள்மையே துகள்களை ஒன்றையொன்று நோக்கித் தள்ளுகிறது, குறிப்பாகக் குளிர்வித்து நெமாட்டிக் நிலைக்குக் கொண்டுவரும்போது. துகளின் பரப்பில் ஒலியிக் அமிலமோ தயால் எனும் கந்தகச் சேர்மமோ திரவப் படிக மூலக்கூறைப் போன்ற கிளைகளோ இணைத்தால் நிலைமை மேம்படும். மீயொலியால் கலைப்பது தற்காலிகத் தீர்வு. சில வாரம் கழித்து அதே கலத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மைக்ரோமீட்டர் அளவுக் கட்டி ஒன்று கறுப்பு நிலையில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். கரிம நானோ குழாய்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு: அவற்றின் நீளம் தகடுகளின் இடைவெளியை எட்டினால் இரு மின்வாய்களையும் இணைத்துக் குறுக்குச்சுற்று ஏற்படுத்திவிடும்.

இரண்டு வழிகளையும் சேர்க்க முடியாதா?

முடியும். பாஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சிலிக்கான்-ஆக்சிஜன் கூண்டு மூலக்கூறுகளைத் திரவப் படிகத்தில் கலந்தால், அவை தாமாகவே கண்ணாடிப் பரப்பில் படிந்து செங்குத்து வரிசையமைப்பை உண்டாக்குவதைத் தைவான் ஆய்வாளர்கள் 2007-ஐ ஒட்டிக் காட்டினார்கள். பாலிஇமைடு பூசிச் சுடும் கட்டமே தேவைப்படாததால், அதிக வெப்பம் தாங்காத பிளாஸ்டிக் தகடுகளுக்கு இது பொருத்தமான யோசனை. இங்கே துகள் கட்டியாகி ஒதுங்கும் குணமே பயனாக மாறிவிடுகிறது என்பது சுவையானது.

அப்படியானால் கடையில் விற்கும் திரைகளில் நானோ துகள்களே இல்லையா?

நிறைய இருக்கின்றன, ஆனால் திரவப் படிகத்துக்கு வெளியே. நீலப் பின்னொளியை வாங்கித் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றும் குவாண்டம் புள்ளிகள் சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துகள்களே. சோனி 2013-இல் இவற்றைத் தொலைக்காட்சியில் கொண்டுவந்தது. சாம்சங்கின் க்யூஎல்இடி என்பதும் குவாண்டம் புள்ளிப் படலம் வைத்த எல்சிடிதான். காட்மியம் செலினைடு துகள் பச்சைக்குச் சிறிதாகவும் சிவப்புக்குச் சற்றுப் பெரிதாகவும் இருக்கும். காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டுப்பாட்டால் இண்டியம் பாஸ்பைடு அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகியோருக்கு 2023-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வண்ண வடிகட்டியில் உள்ள நிறமிகளும் நுண்துகள்களே. அவை பெரிதாக இருந்தால் இரு தளவிளைவாக்கிகளுக்கும் நடுவே ஒளியைச் சிதறடித்துக் கறுப்பைக் கெடுக்கும். நிறமியை மேலும் மேலும் நுண்ணியதாக அரைத்ததால் ஒளி மாறுபாட்டு விகிதம் உயர்ந்தது. விளம்பரத்தில் இடம்பெறாத மேம்பாடு இது.

திரையின் வெளிப்பரப்பைப் பதப்படுத்துவதால் பயன் உண்டா?

உண்டு. பூச்சில்லாத பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். வெளிச்சமான அறையில் அதுவே கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். ஒளியின் அலைநீளத்தை விடச் சிறிய கூம்புகளை நெருக்கமாக வரிசையிட்ட, விட்டில் கண்ணின் அமைப்பைப் பின்பற்றிய படலங்கள் இதை 1 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவருகின்றன. ஆனால் கைபட்டால் எண்ணெய்ப் பசை கூம்புகளுக்கிடையே புகுந்துவிடும் என்பதால் தொடுதிரைகளுக்கு இவை ஏற்றவையல்ல.

கல்லூரி ஆய்வகத்தில் துகள் கலந்த திரவப் படிகத்தை ஆராய விரும்புபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

துகள் கலக்காத அதே திரவப் படிகத்தை, அதே கரைப்பானில் கரைத்து, அதே அளவு மீயொலியில் வைத்து, அதே போல ஆவியாக்கி உலர்த்திய பிறகு ஒப்பீட்டு மாதிரியாகக் கொள்ள வேண்டும். எஞ்சிய கரைப்பானே பாகுநிலையையும் தொடக்க மின்னழுத்தத்தையும் குறைத்துவிடக்கூடும். துகளை மூடிய வேதிப்பொருளை மட்டும் கலந்த இன்னொரு மாதிரியும் தேவை. ஒவ்வொரு கலத்தின் இடைவெளியையும் நிரப்புவதற்கு முன் ஒளியியல் முறையில் தனித்தனியே அளக்க வேண்டும், ஏனெனில் 10 விழுக்காடு இடைவெளி வேறுபாடு துலங்கல் நேரத்தில் 20 விழுக்காடாகப் பெருகும். நெமாட்டிக் நிலை மறையும் வெப்பநிலையைத் துகளோடும் துகளில்லாமலும் அளந்து, எல்லா ஒப்பீடுகளையும் அந்த வெப்பநிலையிலிருந்து சம தூரத்தில் செய்ய வேண்டும். மின்கடத்துதிறனைக் குறைந்த அதிர்வெண்ணிலும் அளந்து வெளியிட வேண்டும். இவற்றுக்குப் பிறகும் மேம்பாடு எஞ்சியிருந்தால், அதே கலங்களைச் சில மாதம் எடுத்துவைத்து மறுபடி அளக்கலாம்.